துளைக்குழாய்த் தொடர்: ஆழ்கிணற்றில் அதன் இயக்கவியலும் வரலாறும்

ஆழ்கிணறு துளைக்கும்போது தரைமேல் நிற்கும் ரிக்கையும் அடியில் பாறையைக் குடையும் பிட்டையும் இணைக்கும் எஃகுக் குழாய்களின் நீண்ட வரிசை துளைக்குழாய்த் தொடர் எனப்படும். எண்ணெய்வயல்களில் வேலை செய்வோர் இதை டிரில் ஸ்ட்ரிங் என்றே சொல்வர். ஏறத்தாழ 9.5 மீட்டர் நீளமுள்ள டிரில் பைப்புகள் மரையால் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு இதன் பெரும்பகுதியாகின்றன. பூட்டும் இடத்தில் உள்ள தடித்த கழுத்துக்கு டூல் ஜாயிண்ட் என்று பெயர். பிட்டுக்கு நேர்மேலே கனத்த சுவர் கொண்ட டிரில் காலர்களும், கிணற்றுச் சுவரைத் தொட்டபடி சுழலும் ஸ்டெபிலைசர்களும் இருக்கும். காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி துளைக்கும் கிணறானாலும் சைபீரியக் கிணறானாலும் அடிப்படை அமைப்பு இதுதான்.

தொடர் மூன்று வேலைகளைச் செய்கிறது. மேலிருந்து தரப்படும் சுழற்சியைப் பிட்டுக்குக் கொண்டுசேர்க்கிறது. பிட் பாறையில் பதியத் தேவையான எடையை அதன்மேல் வைக்கிறது. துளைப்புச் சேறு எனப்படும் கலவையை உள்துளை வழியே அடிக்கு அனுப்புகிறது. அந்தச் சேறு பிட்டைக் குளிர்வித்து, பாறைத்தூளை அள்ளிக்கொண்டு, குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் இடையிலான வெளி வழியே மேலேறும். ஆகவே ஒரே குழாய்வரிசை மேலே இழுபட்டும், அடியில் அமுக்கப்பட்டும், முழுநீளமும் முறுக்கப்பட்டும், உள்ளும் புறமும் சேற்றின் அழுத்தத்தைத் தாங்கியும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

மிகப் பரவலாகப் புழங்குவது 127 மில்லிமீட்டர், அதாவது 5 அங்குல, வெளிவிட்டமுள்ள டிரில் பைப். 4,000 மீட்டர் ஆழக் கிணற்றில் அதன் நீளம் விட்டத்தைப்போல 31,000 மடங்குக்கும் மேல். ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள நூலை 31 மீட்டர் உயர மாடியிலிருந்து தொங்கவிட்டால் வரும் விகிதம் அது. அத்தனை நீளக் குழாயைக் காற்றில் தொங்கவிட்டால் தன் எடையாலேயே ஏறத்தாழ 3 மீட்டர் நீளும். சேற்றுக்குள் மிதப்பு விசையால் இந்த நீட்சி சற்றுக் குறையும். அடிமுனை அசையாமல் பிடிபட்டிருக்க, மேல்முனையில் 15 கிலோநியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுத்தால், மேல்முனை சுமார் 10 முழுச் சுற்றுகள் சுற்றிவிடும். எஃகின் விறைப்பு கையில் எடுத்த ஒரு துண்டில் மட்டும்தான் தெரியும். தரைமேல் உள்ள அளவுமானி காட்டுவது ஒன்று, அடியில் நடப்பது வேறு என்பதைத் துளைப்போர் படிப்படியாகக் கண்டுகொண்டதே இத்துறையின் வரலாறு.

வடத்திலிருந்து குழாய்க்கு

சுழற்றித் துளைக்கும் முறைக்கு முன்பு இந்தச் சிக்கல்கள் எழவே இல்லை. சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் உப்புநீருக்காகத் தோண்டப்பட்ட கிணறுகளில், கனத்த இரும்பு உளியை மூங்கில் நாரால் முறுக்கிய வடத்தில் கட்டித் தூக்கிப் போட்டுப் பாறையை உடைத்தார்கள். சிகோங் நகரில் உள்ள ஷென்ஹாய் கிணறு இம்முறையில் 1835-இல் 1,001 மீட்டர் ஆழத்தை எட்டியது. வடத்துக்கு இழுவிசை மட்டுமே தெரியும். தள்ளினால் தொய்ந்துவிடும், முறுக்கினால் சுருண்டுவிடும். அதனால் உளியின் எடையும் வடத்தின் பலமும் தெரிந்தால் போதுமாயிருந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டைட்டஸ்வில் அருகே 1859-இல் எட்வின் டிரேக் 21 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் கண்ட கிணறும் இடித்துத் துளைத்ததுதான்.

டெக்சஸின் பொமாண்ட் நகருக்கருகே ஸ்பிண்டில்டாப் மேட்டில் மணல் குறுக்கிட்டது. இடித்துத் துளைத்த குழிகள் தூர்ந்து போயின. ஹாமில் சகோதரர்கள் சுழல் ரிக்கைக் கொண்டுவந்து, குழாயைச் சுழற்றி, சேற்றை இறக்கித் துளைத்தார்கள். 1901 ஜனவரி 10 அன்று அக்கிணறு பீறிட்டது. அதன்பின் சுழல் துளைப்பு எங்கும் பரவியது. 1909-இல் ஹோவார்ட் ஹியூஸ் இரட்டைக் கூம்புப் பிட்டுக்குக் காப்புரிமை பெற்றபோது கெட்டிப் பாறையும் வழிவிடத் தொடங்கியது. கெட்டிப் பாறைக்கு எடை வேண்டும். துளைப்போர் பிரேக்கைத் தளர்த்திக் குழாயின் எடையைப் பிட்டின்மேல் இறக்கினார்கள். குழாய் அந்த எடையை எப்படித் தாங்குகிறது என்று அப்போது கணக்கிட்டவர் யாருமில்லை.

கோணல் கிணறுகள்

1920-களில் ஓக்லஹோமாவின் செமினோல் எண்ணெய்வயலில் விளைவு தெரிந்தது. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஒரே மணற்கல் அடுக்கு வெவ்வேறு ஆழங்களில் தட்டுப்பட்டது. நிலவியலாளர்கள் வரைந்த படங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நேராக இறங்குவதாக எல்லாரும் நம்பிய கிணறுகள் உண்மையில் சாய்ந்தும் வளைந்தும் போயிருந்தன.

சாய்வை அளக்கக் கையாண்ட உத்தி எளிமையானது. கண்ணாடிக் குப்பியில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைப் பாதியளவு ஊற்றி, உலோக உறைக்குள் வைத்துக் கிணற்றில் இறக்குவார்கள். அடியில் சிறிது நேரம் அசையாமல் நிறுத்திவைத்தால், அமிலத்தின் மட்டம் கண்ணாடியை அரித்து ஒரு கோடு போடும். குப்பியை மேலே எடுத்து, அந்தக் கோடு குப்பியின் அச்சோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால் கிணற்றின் சாய்வு தெரிந்துவிடும். திசை தெரியாது, சாய்வு மட்டும். அந்த ஒரு கோடுதான் துளைக்குழாய்த் தொடரின் இயக்கவியலுக்குப் பிறப்புச்சான்று என்று சொல்லலாம். கிணறு ஏன் சாய்கிறது என்ற கேள்வியை அது தவிர்க்க முடியாததாக்கியது.

அதே காலத்தில், கொக்கியில் தொங்கும் எடையைக் காட்டும் எடைமானிகள் ரிக்குகளில் ஏறின. பிட்டை அடியிலிருந்து தூக்கி நிறுத்தினால் முழு எடை தெரியும். அடியில் இறக்கியதும் முள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு எடை பிட்டின்மேல் இருப்பதாகக் கொள்வார்கள். இந்தக் கணக்கு நேர்க்கிணற்றில் ஓரளவு சரி. சாய்ந்த கிணற்றில் உராய்வு அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும் என்பது பின்னால்தான் கணக்கில் வந்தது.

கோணலை வேண்டுமென்றே பயன்படுத்தவும் முடியும் என்பதை 1934-இல் ஜான் ஈஸ்ட்மன் காட்டினார். டெக்சஸின் கான்ரோ எண்ணெய்வயலில் கட்டுமீறிய கிணறு ஒன்றை அடக்க, சற்றுத் தள்ளியிருந்து இன்னொரு கிணற்றைச் சாய்த்துத் துளைத்து, அதன் வழியே நீரைச் செலுத்தினார்கள்.

லுபின்ஸ்கியின் கணக்கு

மெல்லிய தூணை அமுக்கினால் ஒரு குறிப்பிட்ட சுமையில் அது திடீரென்று பக்கவாட்டில் நெளியும் என்று 1744-இல் ஆய்லர் கணித்துக் காட்டினார். 1881-இல் கிரீன்ஹில், தன் எடையாலேயே நெளியாமல் ஒரு மரம் எவ்வளவு உயரம் வளரலாம் என்று கணக்கிட்டார். துளைக்குழாய்க்குத் தேவையான கணிதம் இவ்வாறு முன்பே இருந்தது. அதைக் கிணற்றுக்குள் கொண்டுவந்தவர் பெல்ஜியத்தில் பிறந்து, அமெரிக்காவின் டல்சா நகரில் ஸ்டானோலிண்ட் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்தர் லுபின்ஸ்கி. சுழல் துளைக்குழாய்த் தொடரின் நெளிவு பற்றி 1950-இல் அவர் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடித்தளம். அதற்கு முந்தையதை அனுபவம் என்றும் பிந்தையதைப் பொறியியல் என்றும் பிரிப்பது மிகையாகாது.

நேர்க்கிணற்றில் தொங்கும் தொடரை எடுத்துக்கொண்டு, அதன் வளைவுவிறைப்பைச் சேற்றுக்குள் அதற்குள்ள ஒரு மீட்டர் எடையால் வகுத்து, கனமூலம் எடுத்தார் லுபின்ஸ்கி. அதில் கிடைக்கும் நீளமே அவருடைய அளவுகோல். பிட்டின்மேல் வைக்கும் எடை, அந்த நீளமுள்ள குழாயின் எடையைப்போல 1.94 மடங்கை எட்டும்போது தொடர் முதல்முறை நெளிந்து கிணற்றுச் சுவரைத் தொடுகிறது. 3.75 மடங்கில் அந்த வடிவமும் நிலைகுலைந்து இரண்டாம் முறை நெளிகிறது.

எண்களை இட்டுப் பார்த்தால்தான் இதன் கடுமை புரியும். 5 அங்குல டிரில் பைப்புக்கு இந்த அளவுகோல் நீளம் ஏறத்தாழ 17 மீட்டர். முதல் நெளிவுக்கான சுமை ஒரு டன்னுக்கும் குறைவு. கெட்டிப் பாறையில் பிட்டுக்கு வேண்டியதோ 10 முதல் 20 டன். டிரில் பைப்பை வைத்துப் பிட்டை அழுத்தினால் அது உடனே நெளிந்துவிடும் என்பது கணக்கிலேயே தெரிந்துவிட்டது. அதனால்தான் அழுத்தும் வேலை கனத்த டிரில் காலர்களுக்குப் போயிற்று. ஆனால் 8 அங்குலக் காலரும்கூட சுமார் 7.5 டன்னில் முதல்முறை நெளிகிறது. வழக்கமாக வைக்கும் எடையில் காலர்களும் நெளிந்த நிலையில்தான் சுழல்கின்றன. சுவரில் சாய்ந்த காலர் பிட்டைச் சற்றே கோணலாகப் பிடிக்கிறது. பிட் அந்தக் கோணத்திலேயே குடைகிறது. கிணறு கோணலாவதற்கு முதல் காரணம் இவ்வாறு விளங்கிற்று.

இரண்டாவது காரணம் பாறை. சாய்ந்த அடுக்குகளில் குடையும் பிட் ஒரு திசைக்கு ஒதுங்கப் பார்க்கும். சாய்ந்த கிணற்றின் அடிச்சுவரில் படுத்திருக்கும் காலரோ, தன் எடையால் பிட்டைத் திரும்பச் செங்குத்துப் பக்கம் இழுக்கும். ஊசல் விளைவு என்று இதற்குப் பெயர். இந்த விசைகள் சமன்படும் கோணத்தில் கிணறு நிலைகொள்ளும் என்று 1953 முதல் ஹென்றி உட்ஸும் லுபின்ஸ்கியும் சேர்ந்து காட்டினார்கள். காலர் அளவு, கிணற்று விட்டம், பிட் எடை ஆகியவற்றைக் கொடுத்தால் கோணத்தைச் சொல்லும் அட்டவணைகளையும் வெளியிட்டார்கள். ஸ்டெபிலைசரை எந்த உயரத்தில் வைத்தால் ஊசல் மிகுதியாக வேலை செய்யும் என்பதும் அந்த அட்டவணைகளில் இருந்தது. கணிப்பொறி ரிக்குக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே துளைப்போர் கையில் வைத்துப் புரட்டிய கோட்பாடு அது.

சேற்றுக்குள் அமுக்கம்

இத்துறையில் நெடுநாள் குழப்பம் விளைவித்தது நீரழுத்தம். அடியைத் தொடாமல் சேற்றில் தொங்கும் குழாயை எண்ணிப் பாருங்கள். அதன் கீழ்முகத்தைச் சேறு மேல்நோக்கித் தள்ளுகிறது. ஆகவே குழாயின் கீழ்ப்பகுதி உலோகத்தில் அமுக்கத் தகைவு இருக்கும், ஐயமில்லை. அமுக்கம் இருந்தால் நெளிய வேண்டுமே? ஆனால் குழாய் நெளிவதில்லை.

காரணம் பக்கவாட்டு அழுத்தம். குழாய் சற்றே வளைந்தால் வெளிவளைவுப் பக்கத்தின் பரப்பு உள்வளைவுப் பக்கத்தைவிடக் கூடுதல். அங்கே சேறு கூடுதலாக அழுத்தி, வளைவைத் திரும்ப நிமிர்த்துகிறது. கீழ்முகத்தில் அமுக்கம் எவ்வளவு நெளிக்கப் பார்க்கிறதோ அவ்வளவையும் பக்கத்திலிருந்து சேறு ஈடுசெய்துவிடுகிறது. குழாய்க்குள் உள்ள அழுத்தம் இதற்கு நேர்மாறாக, வளைவை வளர்க்கும். 1951-இல் கிளிங்கன்பெர்க்கும் லுபின்ஸ்கியும் எழுதிய கட்டுரைகள் இதைத் தெளிவாக்கின. நெளிவை முடிவு செய்வது உலோகத்தில் உள்ள இழுவிசை மட்டுமன்று. அதிலிருந்து உள்ளழுத்தத்தின் விசையைக் கழித்து, வெளியழுத்தத்தின் விசையைக் கூட்டினால் கிடைப்பதே கணக்கில் எடுக்க வேண்டிய விசை. விளைவு இழுவிசை எனப்படும் அது சுழிக்குக் கீழே இறங்கினால், உலோகம் இழுபட்டுக்கொண்டிருக்கும்போதுகூடக் குழாய் நெளியலாம். இதன் அடிப்படையில் லுபின்ஸ்கி, ஆல்தவுஸ், லோகன் மூவரும் 1962-இல் எழுதிய கட்டுரை, குழாய் திருகுச்சுருளாகச் சுருண்டு சுவரோடு ஒட்டிக்கொள்ளும் நிலையை விளக்கியது.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுவோர் 2010 ஏப்ரல் 20 இரவை நினைக்க வேண்டும். மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கில் கிணறு கட்டுமீறி 11 பேர் உயிரிழந்தனர். கடலடியில் இருந்த அடைப்பானின் கத்திகள் குழாயை வெட்டிக் கிணற்றை மூடியிருக்க வேண்டும். குழாய் நடுவிலிருந்து விலகி வளைந்திருந்ததால் கத்திகள் அதை முழுவதும் வெட்டவில்லை. குழாய்க்கு உள்ளும் புறமும் இருந்த அழுத்த வேறுபாடே அதை நெளியச் செய்தது என்று அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் 2014-இல் வெளியிட்ட அறிக்கை முடிவு கூறியது. கிளிங்கன்பெர்க்கும் லுபின்ஸ்கியும் அறுபதாண்டுக்கு முன் எழுதிவைத்த அதே விசை. இந்தப் பாடத்தை ரிக்கில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் கற்பிக்க வேண்டும் என்பதில் மாற்றுக்கருத்துக்கு இடமில்லை.

உலோக அயர்வு

டிரில் பைப் பெரும்பாலும் ஒரே இழுப்பில் அறுந்துபோவதில்லை. அயர்ந்துபோய் உடைகிறது. கிணற்றில் திடீர் வளைவு உள்ள இடத்தை டாக்லெக் என்பார்கள். அங்கே சுழலும் குழாயின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றில் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுங்கும். நிமிடத்துக்கு 120 சுற்று என்றால் ஒரு நாளில் 1,72,800 முறை. ரயில்வண்டி அச்சுகள் இப்படித்தான் உடைகின்றன என்று 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் வோலர் காட்டியிருந்தார்.

1961-இல் லுபின்ஸ்கி எவ்வளவு வளைவைப் பொறுக்கலாம் என்று கணக்கிட்டார். அதில் வெளிப்பட்ட உண்மை துளைப்போரை வியக்கவைத்தது. ஆபத்தான வளைவு அடியில் உள்ளதன்று, மேலே உள்ளது. மேற்பகுதி வளைவில் அதற்குக் கீழே தொங்கும் முழு எடையும் குழாயை வளைவின் மூலையில் இழுத்து அழுத்துகிறது. கிணறு தொடங்கும்போது அலட்சியமாக விட்ட சிறு கோணல், பல மாதம் கழித்து 4,000 மீட்டரில் துளைக்கும்போது குழாயைத் தின்கிறது. 1966-இல் ஹான்ஸ்ஃபோர்டும் லுபின்ஸ்கியும் ஒவ்வொரு வளைவிலும் குழாயின் ஆயுளில் எத்தனை பங்கு கழிகிறது என்று கூட்டிக் கணக்கிடும் வழியைத் தந்தார்கள்.

விரிசல் பெரும்பாலும் டூல் ஜாயிண்டுக்குச் சற்றுத் தள்ளி, சுவர்த்தடிப்பு மாறும் இடத்திலோ, குழாயைப் பிடித்து நிறுத்தும் ஸ்லிப்பின் பற்கள் கீறிய இடத்திலோ தொடங்கும். சேற்றில் கரைந்த ஆக்சிஜனும் உப்பும் அதை வளர்க்கும்; ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் வலிமை மிக்க எஃகு நொறுங்கவே செய்யும். விரிசல் சுவரைத் துளைத்ததும் சேறு அதன் வழியே பீய்ச்சி ஓட்டையைப் பெரிதாக்கும். தரைமேல் அப்போது தெரிவது ஒன்றுதான்: பம்ப் அழுத்தம் காரணமில்லாமல் மெல்ல இறங்கும். அனுபவமுள்ள துளைப்பாளர் அந்த முள்ளைப் பார்த்ததும் சுழற்சியை நிறுத்தி, குழாயை மூன்று மூன்றாக வெளியே இழுத்து, ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்துப் பார்க்கச் சொல்வார். மயிரிழைப் பிளவின் இரு விளிம்பும் சேறு அரித்து மழுங்கியிருக்கும். அந்த முள்ளைக் கவனிக்கத் தவறினால் குழாய் முறுகி அறுந்து, அடியில் நிற்கும் மிச்சத்தை மீட்க ஃபிஷிங் வேலை தொடங்கும். அது சில நாளில் முடியலாம். கிணற்றையே கைவிட வேண்டியும் வரலாம்.

அதிர்வுகள்

நெளிவும் அயர்வும் விளங்கிய பின் அதிர்வுக்குக் கவனம் திரும்பியது. 1960-இல் ஷெல் நிறுவனத்தின் பெய்லியும் ஃபின்னியும் தொடரின் நீள்வாட்டு அதிர்வையும் முறுக்கு அதிர்வையும் பகுத்தார்கள். தரைமேல் அளந்தும் பார்த்தார்கள். மூன்று கூம்புகள் கொண்ட பிட் ஒரு சுற்றில் மூன்று முறை எழும்பி விழும். அந்தத் துடிப்பு தொடரின் இயல் அதிர்வெண்ணோடு ஒத்துவிட்டால் ரிக்கே குலுங்கும். நீள்வாட்டு அலை எஃகில் நொடிக்குச் சுமார் 5,100 மீட்டர் வேகத்தில் ஓடுவதால், 4,000 மீட்டருக்கு அடியில் நடப்பது முக்கால் நொடியில் மேலே வந்துசேரும்.

முறுக்கு அதிர்வு மெதுவானது. நீண்ட டிரில் பைப் முறுக்குக் கம்பியாகவும் காலர்கள் கனத்த சக்கரமாகவும் வேலை செய்ய, 4,000 மீட்டர் தொடர் ஒருமுறை முறுகி அவிழ ஏறத்தாழ 8 நொடி ஆகும். பிட் பாறையில் சிக்கி நின்றுவிடும். மேலே மோட்டார் சீராகச் சுற்றிக்கொண்டே இருக்கும். தொடர் முறுக்கேறும். பிடி தாளாத கணத்தில் பிட் விடுபட்டு, மேலே உள்ள வேகத்தைப்போல இரண்டு மூன்று மடங்கில் பாயும். முறுக்கு தளர்ந்ததும் மறுபடி நிற்கும். சிக்கி வழுக்கும் இந்த ஆட்டம் மணிக்கணக்கில் தொடரும். தரைமேல் சுழற்சிமானி 120 என்று அசையாமல் காட்டும்போது அடியில் பிட் பாதி நேரம் நின்றுகொண்டிருக்கும்.

1980-களில், தொடரை மேலிருந்து சுழற்றிவந்த கெல்லி என்னும் தண்டுக்குப் பதிலாக டாப் டிரைவ் எனும் மோட்டார் வந்ததும் இதற்கு மருந்து கிடைத்தது. நார்வேயின் ஹால்சியும் கில்லிங்ஸ்டாடும் 1988-இல் ஒரு வழியைச் சொன்னார்கள்: முறுக்கு ஏறும்போது மோட்டாரைச் சற்றே தளர்ந்து கொடுக்கச் செய்தால், அடியிலிருந்து ஏறிவரும் முறுக்கு அலை மேலே பட்டுத் திரும்பாமல் உறிஞ்சப்படும். கூடுதல் பலம் எதுவும் தேவைப்படாமல், விட்டுக்கொடுத்தே அதிர்வை அடக்கிய இந்த யோசனை இத்துறையின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று.

பக்கவாட்டு அதிர்வே மூன்றிலும் கொடியது. மேலே வந்து சேராததால் கடைசியாகத்தான் பிடிபட்டது. காலர் சுவரோடு உரசி, சுழற்சிக்கு எதிர்த்திசையில் சுவரைச் சுற்றி உருளத் தொடங்கினால், 9.5 அங்குலக் கிணற்றில் 8 அங்குலக் காலர் தான் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் கிணற்றை 5 முறைக்கு மேல் வலம்வந்துவிடும். ஒவ்வொரு வலமும் ஒரு வளைவு. அயர்வு அத்தனை மடங்கு வேகத்தில் சேரும். செயற்கை வைரப் பற்கள் கொண்ட பிடிசி பிட்டுகள் 1970-களில் வந்து, கெட்டிப் பாறையில் காரணம் தெரியாமல் உடைந்துகொண்டிருந்தன. பிட்டே இப்படி உருண்டு ஆடுவதுதான் காரணம் என்று 1989-இல் அமோக்கோ நிறுவனத்தின் பிரெட், வாரன் முதலியோர் கண்டறிந்தார்கள். பாறைக்கும் பிட்டுக்கும் உள்ள உறவே அதிர்வை ஊட்டி வளர்க்கிறது என்பதை எமானுவேல் டெட்டூர்னேயும் உடன் ஆய்ந்தோரும் பின்னர் நிறுவினார்கள்: ஒரு பல் வெட்டும் ஆழம், அதற்கு முன்சென்ற பல் விட்டுவைத்த பரப்பைப் பொறுத்தது, பழைய அதிர்வின் தடம் அடுத்த வெட்டில் பதிகிறது.

கிடைக்கிணறு

1980-களில் கிடையாகத் துளைக்கத் தொடங்கியபோது பழைய உள்ளுணர்வு பயன்படவில்லை. சுவரில் படுத்த குழாயை உராய்வு பிடித்துக்கொள்ளும். வளைவுகளில் இழுவிசை எவ்வளவோ அவ்வளவுக்குச் சுவர் அழுத்தமும் உயரும்; அந்த அழுத்தத்தால் உராய்வும் உயரும். எக்சான் நிறுவனத்தின் யோஹான்சிக், ஃப்ரீசன், டாசன் மூவரும் 1984-இல் தொடரைச் சிறு துண்டுகளாக்கி, அடியிலிருந்து மேல்நோக்கி இழுவிசையையும் முறுக்கையும் கூட்டிச்செல்லும் எளிய மாதிரியைத் தந்தார்கள். குழாய் கிணற்றில் தளர்ந்து கிடக்கும் கயிறு என்றே கொண்டு, அதன் வளைவுவிறைப்பைப் புறக்கணித்தார்கள். அந்த எளிமைதான் அதன் பலம். இன்றைய மென்பொருள்களின் உள்ளே பெரும்பாலும் இருப்பது அதுவே.

அதே ஆண்டில் டாசனும் பாஸ்லியும் சொன்ன முடிவு தொடரின் அமைப்பையே மாற்றியது. சாய்ந்த கிணற்றில் குழாய் நெளிய வேண்டுமானால் தன் எடையைச் சுவரில் ஏற்றித் தூக்க வேண்டும். சுவரே அதைத் தாங்கிப் பிடிக்கிறது. நேர்க்கிணற்றில் ஒரு டன்னுக்கும் குறைவில் நெளிந்த அதே 5 அங்குல டிரில் பைப், 8.5 அங்குலக் கிடைக்கிணற்றில் சுமார் 20 டன் வரை நெளியாது. எனவே டிரில் பைப்பைக் கொண்டே பிட்டை அழுத்தலாம் என்றாயிற்று. கனத்த குழாய்களை மேலே செங்குத்துப் பகுதியில் வைத்து, கிடைப்பகுதியில் மெல்லிய குழாய்களை நீட்டும் தலைகீழ் அமைப்பு இப்படி வந்தது. சுமை மீறினால் குழாய் முதலில் பாம்புபோல் நெளிந்து, பிறகு திருகுச்சுருளாகிச் சுவரில் பூட்டிக்கொள்ளும். அதன்பின் மேலே எவ்வளவு தள்ளினாலும் பிட்டுக்குப் போய்ச் சேராது. இங்கிலாந்தின் விட்ச் ஃபார்ம் எண்ணெய்வயலில் கரையிலிருந்து கடலடிக்குத் துளைத்த கிணறு ஒன்று, 1998-இல் கிடைத்தொலைவில் 10 கிலோமீட்டரைத் தாண்டியது இந்தக் கணக்குகளின் துணையோடுதான்.

ஆழத்தின் எல்லை

செங்குத்து ஆழத்துக்கு வரம்பிடுவது குழாயின் சொந்த எடை. இ-75 என்னும் பழைய தர எஃகுக் குழாயைக் காற்றில் தொங்கவிட்டால் ஏறத்தாழ 6,700 மீட்டரில் மேல்முனை தன் எடையாலேயே இளகும். எஸ்-135 தரத்துக்கு இது 12,000 மீட்டர். டூல் ஜாயிண்டின் எடை, இழுக்கும்போது வரும் உராய்வு, வேலைக்கு வைக்கும் பாதுகாப்பு வரம்பு ஆகியவற்றைக் கழித்தால் மிச்சம் குறைவு. ஓக்லஹோமாவில் பெர்த்தா ரோஜர்ஸ் கிணறு 1974-இல் 9,583 மீட்டரை எட்டி, உருகிய கந்தகத்தில் இறங்கியதால் நின்றது.

சோவியத் ஒன்றியம் வேறு வழியில் போயிற்று. 1922-இல் கபெலியுஷ்னிகோவ் தொடங்கி 1930-களில் பாக்கூவில் மேம்படுத்தப்பட்ட டர்போடிரில், சேற்றின் ஓட்டத்தாலேயே பிட்டை அடியில் சுழற்றியது. அதனால் நீண்ட தொடரைச் சுழற்ற வேண்டிய தேவை குறைந்தது. 1970 மே 24 அன்று கோலா தீபகற்பத்தில் தொடங்கிய மீயாழ்கிணற்றில் இதனோடு அலுமினியக் கலவைக் குழாய்களையும் சேர்த்தார்கள். சேற்றில் மூழ்கிய அலுமினியத்தின் எடை, அதே பருமனுள்ள எஃகின் எடையில் நான்கில் ஒரு பங்குதான். அப்படியிருந்தும் 1984 செப்டம்பரில் 12,066 மீட்டர் ஆழத்தில் வேலை நடக்கையில் தொடர் முறுகி அறுந்து, 5 கிலோமீட்டர் நீளம் கிணற்றிலேயே தங்கிவிட்டது. 7,000 மீட்டரிலிருந்து பக்கவாட்டில் விலகி மறுபடி துளைத்து, 1989-இல் 12,262 மீட்டரை எட்டினார்கள். செங்குத்து ஆழத்தில் அதை மிஞ்சிய கிணறு இன்றுவரை இல்லை. ஜெர்மனியின் பவேரியாவில் கேடிபி கிணறு 1994-இல் 9,101 மீட்டரில் நின்றது. சீனாவின் தக்லமக்கான் பாலையில் 2023 மே மாதம் தொடங்கிய ஷெண்டிடாக்கே-1 கிணறு 2025 பிப்ரவரியில் 10,910 மீட்டரில் முடிந்தது.

1978-இல் வணிகப் புழக்கத்துக்கு வந்த கருவிகள், சேற்றில் அழுத்தத் துடிப்புகளை ஏற்படுத்தி அடியிலிருந்து அளவுகளை மேலே அனுப்பத் தொடங்கின. ஆனால் அவை நொடிக்குச் சில இரும இலக்க அளவுத் தகவலே தரும். 2000-களில் வந்த கம்பியிட்ட குழாய்கள் அதைப் பல ஆயிரம் மடங்காக்கின. விலை காரணமாக எல்லாக் கிணறுகளிலும் அவை இல்லை. இழுவிசைக் கணக்கில் இடும் உராய்வுக் கெழு பெரும்பாலும் 0.2-க்கும் 0.4-க்கும் இடையில் இருக்கும். அதை எந்த ஆய்வுக்கூடமும் முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. இன்றும் ஒவ்வொரு கிணற்றிலும் கொக்கி எடையை அளந்து, மாதிரியோடு ஒப்பிட்டு, அந்தக் கிணற்றுக்கென்று அதைத் திருத்திக்கொள்கிறார்கள்.